விரதக்காரரைப் பார்க்க வந்த ஆள்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் குவாட்டர்ஸுக்குள், துறைமுகத்தில் மூழ்கிச் செத்த ஒரு மாலுமியின் ஆவி பட்டப்பகலில் நுழைந்தது என்று நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? அதற்கு உட்காரக் கதிரையும் போட்டுக் கொடுத்தேன்.

என்னோடு அறையில் இருந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சாராயம் அவருக்குத் தண்ணீர் மாதிரி. அந்த வருசம்தான் முதன்முறையாகக் கந்தசஷ்டி பிடிக்க நினைத்தார். விரதத்துக்கு முந்தின நாள், வரப்போகும் ஆறு நாளைக்கும் சேர்த்துக் குடித்தார். எங்கள் பக்கத்தில் பலருக்கு அதுதான் விரதத்துக்கான ஆயத்தம்.

மூன்றாம் நாள் மத்தியானம், பால் கோப்பையைப் பிடித்த அவர் கை நடுங்கியது. பசியாக்கும் என்று நினைத்தேன். கோப்பையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"அந்தக் கதிரையை இழுத்துப் போடும். ஐயா நனைஞ்சுபோய் நிக்கிறார்."

வாசலில் வெயில் மட்டும்தான் நின்றது. இருந்தாலும் போட்டேன்.

அவர் வெறும் கதிரையோடு கதைக்கத் தொடங்கினார். எந்தக் கப்பல், எந்த ஊர் என்று விசாரித்தார். பதிலுக்குக் காத்திருந்தார். தலையாட்டினார். விரல்கள் போர்வையிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருந்தன. சன்னலுக்குக் கீழே துறைமுகம் அசையாமல் கிடந்தது. திடீரென்று என்னைக் காட்டி, "ஓம், இவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார்.

செத்தவீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைத்த பகிடிக்காரன் நான். அந்த நேரம் என் வாயில் வந்தது, "இருங்கோ ஐயா, இப்ப வாறன்" என்பது மட்டும்தான். அதையும் கதிரையைப் பார்த்துப் பணிவாகச் சொல்லிவிட்டு, பின்பக்கக் குசினிக் கதவால் பாய்ந்தேன். ஒரு காலில் செருப்பு, கையில் அவிழ்ந்த சாரம். கோயில் ஐயரைக் கூட்டிவரத்தான் அந்த ஓட்டம்.

பக்கத்து வீட்டில் இருந்த ஆஸ்பத்திரி நேர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், என்னைத் தெருப் படலையில் மறித்தார். ஆவி வந்த கதையைக் கேட்டுவிட்டு, அவர் இப்போது குடிக்கிறாரா என்று மட்டும் விசாரித்தார். மூன்று நாளாக ஒரு சொட்டுக்கூட இல்லை, விரதக்காரர் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப குடியை நிப்பாட்டினதால வந்த வருத்தம்தான் இது. ஐயரை விடுங்கோ, காரைப் பிடியுங்கோ."

நான் காரோடு திரும்பியபோது அவர் நிலத்தில் விழுந்து வலிப்பில் துடித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸி அவரை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்.

நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு முட்டக் குடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பகிடி வராது. முதலில் டொக்டரிடம் போ என்பேன். வருசக்கணக்காகச் சாராயத்தில் ஊறிய அவருடைய உடம்பு, அது ஒரேயடியாக நின்றதில் கலங்கிப்போயிருந்தது. ஐயரைத் தேடிப் போயிருந்தால் ஆளைக் காப்பாற்ற ஏலாமல் போயிருக்கும் என்றார் டொக்டர். விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர் அன்றுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் தன் பெயரைச் சரியாகச் சொன்னார்.