பாதையில் நடந்தவரின் வேகம்

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்காகக் கிண்ணியாப் பக்கம் போயிருந்தேன். பாலத்தடி மதிலில் ரியூசன் விளம்பரம் ஒன்று. ‘இயக்கவியல் முழுவதும் ஆறே வாரத்தில்’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டு, பாடத் தலைப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கீழே ஓர் ஆடு நின்று அந்தக் கடதாசியை மூலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. உராய்வை முடித்துவிட்டு ஆர்முடுகலுக்கு வந்திருந்தது. எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்தது, ஆட்டுக்கு அரை மணித்தியாலம் போதும்போல! நின்று சிரித்தேன். அப்போதுதான் கடலோடு சேர்ந்து கிடக்கும் களப்பிலிருந்து காற்று அடித்தது. கண்டல் சேறும் உப்பும் காய்ந்த பாசியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் பாதை என்று ஒன்று இருந்தது. தெருவைச் சொல்லவில்லை. பாலம் இல்லாத துறைகளில் ஆட்களையும் சைக்கிள்களையும், சில வேளை ஒரு மாட்டையும் ஏற்றிக் கரை மாற்றும் பலகை மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். பெரிய துறையில் எஞ்சின் இருந்தது. நான் சொல்லும் சின்னத் துறையில் கையால் இழுப்பார்கள். இரண்டு கரையிலும் தடித்த மரக்குற்றி, குறுக்கே கம்பிக் கயிறு. பாதைக்காரர் பிளவு வெட்டிய ஒரு கட்டையை முன்பக்கத்தில் கயிற்றிலே கொளுவி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையில் காலை ஊன்றிப் பின்பக்கமாக நடப்பார். பாதை முன்னால் போகும். கடைசிப் பலகைக்கு வந்ததும் கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முன்னுக்கு வருவார். மறுபடி கொளுவுவார், நடப்பார். வயதுபோனவர்களைத் தவிர ஏறுகிற ஆண்கள் எல்லோரும் கயிற்றில் ஒரு கை கொடுக்க வேண்டும், அது அந்தத் துறையின் சட்டம். இருபது வருடமாக அங்கே நடந்தவர் என் சிநேகிதி நசீராவின் தகப்பனார். அவளைப் பார்த்து நானும் அவரை வாப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நசீரா என் வகுப்புக்காரி. எழுபதுகளின் தொடக்கம். கிழமை நாட்களில் திருகோணமலை ரவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். படிப்பிக்க ஆள் இல்லை. இருந்த ரீச்சர் கலியாணம் முடித்து யாழ்ப்பாணம் போய்விட்டா. பதிலுக்கு வந்தவர் மூன்றாம் கிழமையே மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடினார். மிஞ்சியது ரீச்சர் விட்டுப்போன ஒரு கொப்பியும், ஆய்வுகூடத்தில் ஒரு விற்றராசும். துருப்பிடித்துப்போன அந்த விற்றராசு கல்லைக் கொளுவினாலும் இலையைக் கொளுவினாலும் காட்டுவது ஒரே நிறைதான். என்னைத் தூக்கிக் கொளுவியிருந்தாலும் அதைத்தான் காட்டியிருக்கும், அந்த வகையில் அது எனக்கு நல்ல சிநேகிதம்.

கொப்பியை நாங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் மாறிமாறிப் பார்த்தெழுதினோம். எனக்குப் பாடமாக்க வரும். விளங்காது. நசீராவுக்கு நேர்மாறு. கண்ணால் பார்க்காத எதையும் அவள் நம்பமாட்டாள். கப்பிகள் பாடம் வந்தபோது என்னை இழுத்துக்கொண்டு துறைமுக வேலிக்குப் போனாள். பாரந்தூக்கியில் எத்தனை கப்பி, எத்தனை கயிறு என்று இருவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றோம். காவற்காரர் வந்தார்.

“என்ன பிள்ளையள், கப்பல் பாக்கிறியளோ?”

“இல்ல ஐயா, கப்பி பாக்கிறம்” என்றாள் நசீரா.

மனிதர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு மூளை கழண்டு போச்சு” என்று போய்விட்டார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் அப்பாவின் காதுக்கு அன்று பின்னேரமே அது போய்ச் சேர்ந்தது. வீட்டில் எனக்கு நடந்த பூசையை இங்கே விபரிக்கத் தேவையில்லை.

அவளுக்கு இருந்த அவசரம் எனக்கு இல்லை. பல்கலைக்கழகப் புகுமுகச் சோதனை எனக்குத் தவறினால் அடுத்த வருடம் எழுதலாம், அப்பா கொஞ்சம் கத்துவார், அவ்வளவுதான். நசீராவின் நானா, அதாவது அவளுடைய அண்ணன், ஒரே முடிவாகச் சொல்லியிருந்தார்: ஒருதரம் எழுதட்டும், கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்கட்டும். வாப்பா மறுத்துப் பேசவில்லை. ஆனால் மகளுக்குப் பெயில் விழும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. கம்பஸ் போய்ப் பெரிய படிப்புப் படிக்கப்போகிற மகள் என்று பாதையில் ஏறியிறங்குகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிச் சீனன்குடா தாண்டி அவளிடம் போவேன். வீட்டில் சின்னப்பிள்ளைகளின் கூச்சல். அதனால் பாதையிலேயே இருந்து படித்தோம். ஓர் ஓரத்தில் சாக்கு விரித்து, நடுவில் கொப்பியை வைத்துக்கொள்வோம். அக்கரைக்குப் போகும், ஆட்கள் இறங்குவார்கள், நாங்கள் இறங்குவதில்லை. இக்கரைக்கு வரும், ஆட்கள் ஏறுவார்கள். காலையிலிருந்து பின்னேர அசர் தொழுகை வரைக்கும் எங்கேயும் போகாமல் எத்தனை மைல் போயிருப்போமோ! பலகைக்குக் கீழே தண்ணீர் சளப் சளப்பென்று அடிக்கும். வெயில் தண்ணீரில் பட்டுக் கொப்பியில் ஆடும். வாய் பாட்டுக்கு ‘தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிருமாகும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், கண் செருகிவிடும். நித்திரையா விழிப்பா என்று தெரியாத அந்த நிலையில் கேட்ட வாப்பாவின் காலடிச் சத்தம் இன்னும் எனக்குள் கேட்கிறது. அவ்வளவு சந்தோசமாக நான் பிறகு எதையும் படிக்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை சார்பு வேகத்தில் மாட்டிக்கொண்டேன். எத்தனை தரம் வாசித்தும் மண்டையில் ஏறவில்லை. நசீரா கொப்பியை வெடுக்கென்று மூடினாள்.

“எழும்பு. இஞ்ச வந்து நில்லு. வாப்பாட தொப்பியப் பாரு. அதுக்குப் பக்கத்தில, தண்ணியில மீன்காரன் நட்ட கம்பு இரிக்கில்ல, அதையும் பாரு.”

பார்த்தேன். வாப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். தொப்பி கம்பை விட்டு விலகவேயில்லை. நாங்கள் நின்ற பலகை அவருக்குக் கீழாலே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு நாளும் அந்த மனிதர் நடந்து போகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

“நடக்கிறார், ஆனா போகல்ல” என்றாள் நசீரா. “கரையில நிக்கிறவனுக்கு வாப்பாட வேகம் சைபர்.”

வாப்பாவுக்குக் கேட்டுவிட்டது. “அப்ப இருவது வரிசமா நான் எங்கயும் போகல்லயா மகள்?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சைக்கிளோடு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று முழுக்கப் பாதையில் அதுதான் கதை.

சோதனைக்கு நசீரா எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். வாப்பா ஒரு சட்டி எருமைத் தயிரோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, “அல்லாஹ்ட காவல்” என்று எங்கள் இருவரின் தலையிலும் கை வைத்துவிட்டுப் போனார்.

பௌதிக வினாத்தாளில் இயக்கவியல் கேள்வி இதுதான். அமைதியான நீரில் ஒரு தோணி நிற்கிறது. அதில் நிற்பவரின் திணிவு தோணியின் திணிவில் ஐந்தில் ஒன்று. தோணி சார்பாகச் செக்கனுக்கு மூன்றடி வேகத்தில் பின்பக்கமாக அவர் நடக்கிறார். கரை சார்பாக அவரின் வேகம் என்ன? அந்த விடையை வைத்துத்தான் அடுத்த நான்கு பகுதிகளையும் செய்ய வேண்டும்.

நான் எதையும் யோசிக்கவில்லை. கொப்பியில் இருந்த உந்தக் காப்பு சமன்பாட்டைக் கிளிப்பிள்ளை மாதிரி எழுதி, இலக்கங்களைப் போட்டு, இரண்டரை அடி என்று முடித்தேன். அதுதான் சரி. அந்தத் தோணிக்குக் கயிறு இல்லை. பிடித்து நிற்க வெளியே ஒன்றும் இல்லாதவர் நடந்தால், தோணி கொஞ்சம் முன்னே போகும், அவரும் பின்னே போகத்தான் செய்வார். வாப்பா நின்ற இடத்தில் நின்றது கயிறு கரையோடு கட்டியிருந்ததால். இந்த வித்தியாசமும் எனக்கு அன்று விளங்கி எழுதியதில்லை, பிறகுதான் விளங்கியது.

மண்டபத்தால் வெளியே வந்தபோது நசீரா வாகை மரத்தடியில் நின்று துள்ளினாள். “பாத்தியா? பாதை வந்திரிக்கி! சைபர்! அதுக்குப் பொறகு எல்லாம் என்ன லேசு!”

முதல் பகுதி சைபர் என்றால் பின்னால் வந்த நான்கும் போய்விடும். சொல்லலாமா? இன்னும் இரசாயனம் இருந்தது. அழத் தொடங்கினால் அதுவும் போய்விடுமே என்று நினைத்தேன்.

“நீ என்ன எழுதின?”

“ஓம், நானும் சைபர் எண்டுதான் எழுதினனான்” என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். சோதனை முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, சொல்லாமலே விட்டேன்.

பெறுபேறு வந்தது. எனக்கு நான்கு பாடமும் சரி. அவளுக்கு மூன்று. பௌதிகம் இல்லை.

பேராதனைக் கம்பஸுக்குப் புறப்படுவதற்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். பாதையில் என்னையும் வாப்பாவையும் தவிர யாரும் இல்லை. காற்றும் இல்லை. களப்பு கண்ணாடியாகக் கிடந்தது. நடுவில் வந்ததும் வாப்பா நடையை நிறுத்தினார். கட்டையைக் கயிற்றிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“மகள், ஒண்டு கேக்கட்டா? உள்ளதச் சொல்லோணும். நடக்கிறவன் நிண்ட இடத்திலதான் நிக்கிறான் எண்டு நசீரா எழுதினாளாம். அது பிழையா?”

அவரின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக அங்கேயே நடந்த மனிதரிடம் எப்படிப் பிழை என்று சொல்வது?

“பிழையில்ல வாப்பா. சரிதான்.”

“நீயும் அதத்தான் எழுதினயாம்?”

“ஓம்.”

வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

“புள்ள பிழ விட்டிருந்தா, திருத்திப்போட்டு இன்னொருக்கா எழுதட்டும் எண்டு இரிந்தன். மகன்ட வாய நான் அடைக்கிற எண்டும் நெனச்சிரிந்தன். ரெண்டு பேரும் ஒரே விடை, ரெண்டும் சரி. உனக்குக் கெடச்சிரிக்கி, அவளுக்குக் கெடக்கல்ல. அப்ப இது தலையெழுத்து, மகள். தலையெழுத்த இன்னொருக்கா எழுதேலுமா?”

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். கரை வந்தது. அதற்குள் நான் வாய் திறந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் இருந்தது. பாவி நான், திறக்கவில்லை. நசீரா குசினிக்குள்ளிருந்து பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். “போய் நல்லாப் படி” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் மூதூரில் கலியாணம் முடித்துக் கொடுத்தார்கள். ஒரு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

நான் பௌதிக ரீச்சரானேன். சிரிக்காதீர்கள், விளங்காமல் பாஸ் பண்ணியவர்கள்தான் பிறகு படிப்பிக்க வருகிறார்கள். முப்பது வருடம் அந்தத் தோணிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். விடை பிழை என்றால் முகத்துக்கு நேரே பிழை என்பேன், எங்கே பிழை என்பேன், திருப்பிச் செய் என்பேன். பிள்ளைகள் எனக்குப் ‘பிழை ரீச்சர்’ என்று பட்டம் வைத்தார்கள். ஈவிரக்கமில்லாத மனுசி என்று பெற்றோர் முறைப்பாடும் கொடுத்தார்கள். என்ன செய்ய, ஒருதரம் இரக்கப்பட்டுப் பார்த்துவிட்டேன்.

கலியாண வீட்டால் திரும்பும்போது அந்தச் சின்னத் துறைக்குப் போகச் சொன்னேன். இப்போது அங்கேயும் பாலம். கயிறு இல்லை, மரக்குற்றி இல்லை, பாதை நின்ற இடத்தில் கல்லடுக்கிச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் வாப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். “மௌத்தாகிட்டாராம், எங்கட வாப்பா சொல்லித் தெரியும்” என்றார். வாப்பா போய்ச் சேர்ந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும், பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. இடையில் வந்த யுத்த காலம் எல்லோரையும் எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது, உங்களுக்குத் தெரியும்தானே.

பாலத்தில் ஏறி நடுவில் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். “பிழைதான் வாப்பா. அந்தத் தோணியில கயிறு இல்ல, அவ்வளவுதான். ஒரு நாளில சொல்லிக்குடுத்திடுவன். இன்னொருக்கா எழுதச் சொல்லுங்கோ.”

அதைச் சொல்ல மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.