வாசனையைத் தொலைத்த இலைச்சாறு

கல்லூரியின் கிருமி ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் 'தட்டு அக்கா'. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி, ஆவியில் அவித்து, அவற்றில் கிருமிக்குத் தீனியான கூழ் ஊற்றி வைப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. அவள் ஊற்றிய தட்டில் ஒரு குமிழிகூட இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ரயில் பாதையோரம் தானாக மண்டிக் கிடந்த செடியைப் பறித்து வந்து, இலையை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுத்தாள். அதில் நனைத்த காகித வில்லைகளைச் சீழ்க்கிருமி பரப்பிய தட்டில் வைத்தாள். மறுநாள் வில்லைகளைச் சுற்றிக் கிருமியே இல்லாத பெரிய பெரிய வட்டங்கள். பேராசிரியர் கைகுலுக்கினார். மாணவிக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து, கழுவுவதற்காக அந்தத் தட்டை எடுத்த அக்கா நின்றுவிட்டாள்.

"ஏம்மா, வெறும் ஆல்கஹால் போட்ட வில்லையைச் சுத்தியும் வட்டம் இருக்கே?"

ஒப்பிடுவதற்காக வைத்த வில்லை அது. யாரும் கவனிக்கவில்லை.

பேராசிரியரின் முகம் சுருங்கியது. "கட்டுரை பாதி எழுதியாச்சும்மா."

"பாதிதானே சார்? ஈரத்தோட வச்சிருக்காங்க. கிருமியைக் கொன்னது இலையா ஆல்கஹாலான்னு யாரு சொல்றது?"

மாணவி வில்லைகளைச் சூட்டுப்பெட்டியில் நன்றாகக் காயவைத்து மறுபடி செய்தாள். இந்த முறை ஒரு வட்டம்கூட இல்லை. ஒரு வருட உழைப்பு போச்சு என்று இடிந்துபோய் உட்கார்ந்தாள். காயவைத்ததில் மீதியிருந்த இலைச்சாற்று வில்லை ஒன்றை அக்கா மோந்து பார்த்தாள். இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி, இதில் துளியும் இல்லை.

"அழாத. வாசனையைச் சுட்டு விரட்டிட்டே. மருந்து அதுலதான் இருக்குதோ என்னவோ! சூடு காட்டாம காயவை. தட்டு நான் ஊத்தித் தர்றேன்."

மூன்றாம் முறை, ஆல்கஹால் வில்லையை ஒட்டிக் கிருமி அடர்ந்து வளர்ந்திருந்தது. இலைச்சாற்று வில்லையைச் சுற்றிப் பதினான்கு மில்லிமீட்டர் வட்டம். முதலில் வந்ததில் பாதிதான், ஆனால் அசல். வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவியும் அக்கா பக்கமே பேசியது: சாற்றில் இருந்த மணமுள்ள எண்ணெய்கள், சூட்டில் காய்ந்த வில்லையில் காணோம்.

பேராசிரியர் அவளைத் தேடிக் கழுவுமிடத்துக்கே வந்தார்.

"கட்டுரையில உங்க பேரையும் போடறேன்ம்மா."

"போடுங்க சார். இனிஷியல் ரெண்டு. ஒண்ணை விட்டுறாதீங்க."

கட்டுரை அச்சில் வந்த அன்று, பஸ் ஓட்டும் கணவரிடம் அந்த ஆங்கிலத் தாளை நீட்டினாள். அவர் அவள் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தார்.

"மத்ததெல்லாம் என்ன?"

"அது செடியைப் பத்தி," என்றாள்.