ஏழாவது பிரதி

ஏழு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். பாக்தாத்தில் முதுகலை ஆய்வேட்டை ஏழு பிரதி கட்டிக் கொடுக்க வேண்டும். நிஹாயாவும் ஏழுதான் கொடுத்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பெண்கள் பள்ளியில் அரபு டீச்சர். பகலெல்லாம் இலக்கணம் கத்திவிட்டு, சாயங்காலம் பல்கலைக்கழக நூலகத்தில் நாலு வருடம் தேய்ந்தாள். செத்தவர்களுக்காகப் பழங்காலப் பெண்கள் பாடிய ஒப்பாரிக் கவிதைகள்தான் ஆய்வு. அந்த நாலு வருடமும் அவள் தம்பி ஹிக்மத் வீட்டில் இல்லை. அச்சகத் தொழிலாளி. சங்கம் வைத்தான். 1979இல் வேலை செய்த இடத்திலேயே ரகசியப் போலீசார் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்கப் போனவர்களே திரும்பாத காலம். அவன் பெயரை வீட்டுக்குள்கூட யாரும் உச்சரிப்பதில்லை.

ஆய்வேட்டின் முதல் தாள் அர்ப்பணம். அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று எழுதுவார்கள். ஈரானோடு போர் வந்த பிறகு நாட்டின் தலைவருக்கும் எழுதினார்கள். அதை ஒருத்தரும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் நிஹாயா எழுதினாள்: "என் தம்பி ஹிக்மத்துக்கு. உனக்கு நான் ஒப்பாரி பாடவில்லை. உடலைக் கொடுக்கட்டும், பாடுகிறேன்."

எழுதியது தப்பில்லை. ஏழு பிரதி எடுத்ததுதான் தப்பு.

வாய்மொழித் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, வழிகாட்டிப் பேராசிரியர் ஜலீல் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க நீ?"

"வெறும் அர்ப்பணம்தானே, உஸ்தாத்."

"நாலு வருஷமா உன் ஒவ்வொரு வரியையும் திருத்துனேன். இந்த ஒத்தப் பக்கத்த எவன் படிக்கப்போறான்னு விட்டேன். உனக்கு மேல மடையன் நான். எனக்கு மூணு பொண்ணு இருக்கு, தெரியுமில்ல?"

பிளேடை எடுத்து அவள் முன்னால் வைத்தார். துறையில் ஆறு பிரதிகள் இருந்தன. அவளே அறுத்தாள். தையல் ஓரத்தில் நூல் போல ஒரு விளிம்பு மட்டும் நின்றது. ஆறு தாள்களையும் மடித்துக் கைப்பையில் போட்டாள். எரித்திருக்க வேண்டும். தம்பி பெயர் இருந்த காகிதம், கை வரவில்லை.

"ஏழாவது?" என்று கேட்டாள்.

"தபால்ல மோசுல் போய் பத்து நாளாச்சு. கானிம்கிட்ட."

கானிம் வெளியூர்த் தேர்வாளர். அவர் வழக்கம் ஊருக்கே தெரியும். அட்டையிலிருந்து ஆரம்பிப்பார். பக்கம் சொல்லி, வரி சொல்லி, பிழையைச் சபை நடுவே உரக்க வாசிப்பார். ஒரு புள்ளி தப்பாது. போனில் சொல்லலாமென்றால், அந்தக் கம்பியில் மூன்றாவது காது ஒன்று உண்டு.

தேர்வு நாள் காலையில் அம்மா இரண்டு தட்டு கிலேச்சா பலகாரம் சுட்டிருந்தாள், பேரீச்சம்பழம் வைத்து. அவளுக்கு எதுவும் தெரியாது.

"மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வையேன்டி. ஒப்பாரியப் படிச்சுப் படிச்சு மூஞ்சியே ஒப்பாரியாப் போச்சு."

அரங்கம் நிறைந்திருந்தது. மாணவர்கள், உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். கடைசி வரிசையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன். யாருக்கும் சொந்தமில்லை. அம்மா தட்டோடு அவனிடமும் போனாள்.

"யாரு வீட்டுப் புள்ளப்பா நீ? எடுத்துக்கோ கண்ணு."

அவன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

கானிம் ஏழாவது பிரதியைத் திறந்தார். "அட்டையிலேயே ஒரு எழுத்துக்கு மேல குறி காணோம். எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவன் இதவிட ஒழுங்கா எழுதுவான்." சபை சிரித்தது. அவர் அட்டையைப் புரட்டினார். கை நின்றது. தையலை விரலால் தடவிப் பார்த்தார். நிஹாயா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"பக்கம் ஒண்ணு," என்றார் கானிம். "மூணாவது வரி."

அது முன்னுரையின் முதல் பக்கம்; அர்ப்பணத்தை அவர் தொடவேயில்லை. அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் அடி. எல்லாவற்றையும் தாங்கினாள், பதிலும் சொன்னாள். "மிக நன்று" என்று தீர்ப்பு வாசித்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

வராந்தாவில் கானிமைப் பிடித்தாள். "உஸ்தாத், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தத் தாள நீங்களே அறுத்துட்டீங்க."

"நான் எதையும் அறுக்கலம்மா."

"உஸ்தாத்..."

"உறை என் கைக்கு வரும்போதே பிரிச்சு ஒட்டியிருந்தது. தாளும் அப்பவே இல்ல. நீதான் ஏதோ பிழைய மறைச்சிருக்கன்னு நெனச்சேன்." அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். குரல் இறங்கியது. "என்ன எழுதியிருந்தன்னு எங்கிட்ட சொல்லாத. நான் ஊருக்குக் கிளம்பணும்."

நிஹாயா திரும்ப அரங்கத்துக்குள் ஓடினாள். கடைசி வரிசை காலி. நாற்காலியில் கிலேச்சாத் தூள் கிடந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக் கைப்பையைத் திறந்து, மடித்த தாள்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

ஆறு.