அக்ரிலிக் டிரம்ஸும் நான் ஓங்கி அடித்த குற்றமும்

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரின் வேலை, மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து பூட்டுவது, அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது, அவர்கள் பந்திக்குப் போனபிறகு கழற்றுவது. இதை இரண்டு வருஷமாக முணுமுணுக்காமல் (சரி, முணுமுணுத்துக்கொண்டே) செய்துவந்த என்னை, ஓங்கி அடித்து டிரம்ஸை உடைத்துவிட்டேன் என்று சொல்லி எழுப்பிவிட்டு, கையில் ஒரு டாம்பரினை, ஆட்டினால் ஜல்ஜல் என்னும் அந்த வளையத்தை, கொடுத்து ஓரமாக நிற்கவைத்தார் எங்கள் குழுத் தலைவர் செல்வம் அண்ணன். நான் உடைக்கவில்லை. அதை அவர் வாயால் சொல்ல வைப்பதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. மேடையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிழைக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான். முன்னால் நின்று பாடுகிறவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

மீன் தொட்டி

செல்வம் அண்ணன் வீடு மேனாம்பேட்டில். குழுவில் பாடகரும் அவரே, முதலாளியும் அவரே. நான் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வருவேன். வார நாட்களில் எம்.எஸ்ஸி. வேதியியல், முகூர்த்த நாட்களில் டிரம்ஸ். முதலில் இருந்தது மர செட், மேலே மெரூன் தாள் ஒட்டியது. என் மீது அண்ணனுக்கு அப்போதிலிருந்தே ஒரு குறை: "உன் கை மெத்து மெத்துன்னு விழுது பாப்பா, கடைசி வரிசைக்குக் கேக்கல." சத்தமும் கூடும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்று அந்த செட்டைக் கொடுத்துவிட்டு, யாரோ வாசித்துவிட்டு விற்ற அக்ரிலிக் செட் ஒன்றை வாங்கி வந்தார். ஐந்து டிரம்மும் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். உள்ளே சுற்றிலும் கலர் லைட் பட்டை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், கொரோனா காலத்தில் வாங்கி மீந்துபோன ஐந்து லிட்டர் கேன் சானிடைசரைத் துணியில் நனைத்து அவரே பளபளவென்று துடைப்பார். முன்பக்கம் மட்டும். பின்பக்கம் எனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிவதைப் பற்றி யாருக்கு என்ன கவலை.

முதல் நிகழ்ச்சி ஆவடியில், ஒரு வரவேற்பு. பூட்டி முடித்து நீல லைட்டைப் போட்டதும் முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சுற்றி வந்து, குனிந்து பார்த்து, விரல் முட்டியால் தட்டியும் பார்த்தார். கண்ணாடி இல்லைங்க, கடைப் பெயர்ப்பலகையில் எழுத்து வெட்டி ஒட்டுவார்களே, அந்த அக்ரிலிக் என்று ஆரம்பித்து, அது எதிலிருந்து வருகிறது, ஏன் சுலபமாகச் சிதறாது என்பதுவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா, மீன் எப்போ வுடுவீங்க?"

காலாட்டுகிற பெண்

மர செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை என் கால்கள் என் சொந்த விஷயமாக இருந்தன. வலது கால் பெரிய டிரம்மின் பெடலில், இடது கால் தாளத் தட்டின் பெடலில். இரண்டும் வெறும் கால், எனக்கு அப்படித்தான் பிடி கிடைக்கும். அக்ரிலிக் வந்தபிறகு அந்தக் கால்கள் மண்டபம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டன. வீடியோக்காரர் மணமக்களை விட்டுவிட்டு என் பாதத்தை எடுக்கிறார். பச்சை லைட்டில் அது எனக்கே ஏதோ கடலில் இருப்பது மாதிரி தெரிந்தது.

அம்பத்தூரில் ஒரு கல்யாணம். இரண்டாவது பாட்டு நடக்கும்போதே மாப்பிள்ளையின் பெரியம்மா மேடையேறி வந்து, யாருக்கோ போர்த்திய ஜரிகைச் சால்வையை எடுத்து டிரம்மின் முன்னால் பரப்பி விட்டார். பாட்டு முடிந்ததும் நான் வாதாடினேன். காலை ஆட்டவில்லை, வாசிக்கிறேன், கால் இல்லாமல் இதில் பாதித் தாளம் வராது என்றேன். அவர் கோபப்படவே இல்லை. என் கன்னத்தை வழித்துவிட்டுச் சொன்னார்: "கையால எவ்ளோ வேணா அடி கண்ணு, வேணான்னு சொல்லல. நல்லது நடக்கற எடத்துல காலை மட்டும் ஆட்டாத."

லைட்டும் சத்தமும்

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நியாயமாகவே சொல்கிறேன். மர செட்டில் அடி விழுந்தால் 'தொம்' என்று விழுந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். அக்ரிலிக்கில் 'டப்' என்று வந்து, வந்த வேலை முடிந்த கையோடு கிளம்பிவிடும். கூர்மை அதிகம், குழைவு குறைவு. டைல்ஸ் ஒட்டிய மண்டபத்தில் காதைக் குத்தும். திறந்தவெளியில் கேட்டால், அதுவும் என் வலக்கைப் பக்கம் மூன்று காலில் நிற்கிற டிரம்மை நன்றாக இழுத்துக் கட்டி வாசித்தால், அவ்வளவு சுத்தமான சத்தம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. அந்த ஒரு டிரம்முக்காகவே காலாட்டி என்ற பெயரையும் பொறுத்துக்கொண்டேன்.

மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் மிக்ஸர்காரர் பாஸ்கர் அண்ணாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "பிளாஸ்டிக் குடத்துல அட்ச்சா மாரி கீது" என்பார். சத்தத்தில் பெரும்பங்கு தோலுக்கும் அதைக் கட்டுகிற விதத்துக்கும்தான், டிரம்மின் உடம்புக்கு அடுத்த இடம்தான் என்று நான் அவரோடு எத்தனையோ டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டிருக்கிறேன். பூந்தமல்லியில் ஒரு நாள் லைட்டுக்கான அடாப்டரை மறந்துவிட்டு வந்துவிட்டோம். டிரம்ஸ் எரியாமல், அழுக்குப் பிடித்த பாட்டில் மாதிரி நின்றது. அதே தோல், அதே கட்டு, அதே நான். முடிந்ததும் பாஸ்கர் அண்ணா வந்து, இன்றைக்குத்தான் சத்தம் உருண்டையாக, மர செட் மாதிரி இருந்தது என்றார். நான் எதையுமே மாற்றவில்லையே என்று மடக்கினேன். அவர் மடங்கவில்லை: "லைட்டு எரியலல்ல, அதான் சவுண்டு அடங்கி கீது."

விரிசல்

பிறகு அம்பத்தூரிலேயே இன்னொரு கல்யாணம். உறையைக் கழற்றினால், நான் சொன்ன அந்த மூன்று கால் டிரம்மின் முன்பக்கத்தில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கோடுகள். ஒரு கோடு மட்டும் விளிம்புவரை ஓடியிருந்தது. லைட் போட்டதும் எல்லாம் இன்னும் அழகாக மின்னின, அதுதான் கொடுமை.

செல்வம் அண்ணன் பார்த்தார், என்னைப் பார்த்தார், தீர்ப்பு சொல்லிவிட்டார். நான் அடிப்பது தோலை, டிரம்மின் உடம்பில் என் குச்சி படுவதே இல்லை என்றேன். மெத்து மெத்தென்று விழுகிற கை எப்படி உடைக்கும் என்றும் கேட்டேன். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மணமக்கள் மேடையேறிவிட்டார்கள். அண்ணன் பெட்டியிலிருந்து டாம்பரினை எடுத்து நீட்டினார்: "இத ஆட்டு. இத உடைக்க முடியாது."

பார்வைக்கு வைத்த டிரம்ஸ்

அடுத்த வாரத்திலிருந்து ஏற்பாடு இப்படி. டிரம்ஸை மேடையில் பூட்ட வேண்டும், அது என் வேலை. விரிசல் விழுந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும், அதுவும் என் வேலை. லைட் எரிய வேண்டும். ஆனால் யாரும் உட்காரக் கூடாது, குச்சி படக் கூடாது. தாளம் கீபோர்டில் பதிந்து வைத்ததிலிருந்து வரும். நான் பக்கத்தில் நின்று டாம்பரின் ஆட்டுவேன். என் நாற்காலி காலியாக இருக்க, டிரம்ஸ் நீலமும் சிவப்புமாக மாறி மாறி ஜொலித்துக்கொண்டிருக்கும். ரயிலில் வீடு திரும்பும்போது, கல்லூரியோடு மட்டும் இருந்துவிடலாமா என்று அந்த வாரம்தான் முதன்முதலாக யோசித்தேன்.

மூன்றாவது வாரம், ஆவடியில் பெண்ணின் சித்தப்பா ஒருவர் செல்வம் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலி நாற்காலிக்கு நேர் எதிரே, இரண்டு மணி நேரம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். சொன்னார்: "எல்லாத்தையும் வுடு நைனா, இன்னிக்கு டிரம்ஸ்தான் டாப்பு."

பழைய அடி

ஐந்தாவது வாரம் அது நடந்தது. அண்ணன் வழக்கம்போல் சானிடைசர் துணியால் முன்பக்கத்தைத் துடைத்தார். இப்போது முன்பக்கம் என்பது, நான் திருப்பி வைத்த நல்ல பக்கம். உள்ளே லைட் எரிந்தது. அந்த நல்ல பக்கத்திலும் திருகுகளைச் சுற்றி அதே சிலந்தி நூல்.

ஐந்து வாரமாக அந்த டிரம்மில் குச்சியே படவில்லை, பட்டது அவருடைய துணி மட்டும்தான். வேதியியல் படிப்பவள் என்பதை நானே மறந்து போயிருந்தேன் என்று நினைக்கிறேன். அந்த நிமிஷம்தான் உறைத்தது. திருகு இறுக்கிப் பிடித்திருக்கிற அக்ரிலிக் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது. அதன்மேல் வாராவாரம் ஆல்கஹாலைத் தடவினால் விரிசல் விடாமல் என்ன செய்யும். இவ்வளவையும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன். மூச்சு வாங்கினேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்: "அது நீ அப்போ அடிச்ச அடிம்மா. இப்போதான் வெளிய வருது."

இரண்டு துண்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் கேட்டு, வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் பட்டை இரண்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் ஒத்திகை. மேஜைமேல் என் டிரம்ஸ் குச்சிகளை வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பட்டையை வில்லாக வளைத்து, இரண்டு முனையையும் மேஜையோடு கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஒன்றைத் தண்ணீர்த் துணியால் துடைத்தேன். மற்றதை அதே கேன், அதே துணி. அண்ணனையே துடைக்கச் சொன்னேன், பிறகு என் கை பட்டதால் என்று ஆகிவிடக் கூடாதே. டீ வந்தது. குடித்தோம். பாஸ்கர் அண்ணாதான் முதலில் பார்த்தார். சானிடைசர் பட்டையின் நடுவில் கோடு கோடாக இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் டிக் என்று ஒரு சத்தம், பட்டை இரண்டானது. தண்ணீர்ப் பட்டை அப்படியே வளைந்து கிடந்தது. "இன்னா அண்ணாத்தே, தொடச்சே ஒட்சிக்கினு கீறியே" என்றார் பாஸ்கர் அண்ணா.

செல்வம் அண்ணன் உடைந்த துண்டுகளைக் கையிலெடுத்துப் பொருத்திப் பார்த்தார். கேனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். என் கையிலிருந்த டாம்பரினை வாங்கிப் பெட்டியில் போட்டார், குச்சிகளை மேஜையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். ஐந்து வாரமும் இரண்டு அக்ரிலிக் பட்டையும் ஒரு முதுகலைப் படிப்பும் செலவழித்து நான் வாங்கிய பதில் இதுதான்: "சரி, நீ ஓங்கி அடிக்கல, ஒத்துக்கறேன். அதத்தாம்மா நானும் ரெண்டு வருஷமா சொல்லினு கீறேன், கொஞ்சம் ஓங்கி அடி."