றவூப் சுற்றிய கட்டு

இதை எழுதுபவன் அலவத்துகொடையிலிருந்து படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கிய கையோடு கோட்டுத் துணி எடுக்கக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து, சாஹுல் ஹமீது முதலாளியின் புடவைக்கடையில் ஏறியபோதுதான் றவூபை முதலில் கண்டது. அவரும் அதே ஊர் என்பது பிறகுதான் தெரிந்தது. றவூப் ஒற்றைக் காலில் நின்று துணியை விரித்துக் காட்டினார். மற்றக் கால் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஏறியிருந்தது. கால் மாற்றினார், முகம் மாறவில்லை. கறுப்புத் துணி வெயிலில் நரைக்கும், சாம்பல் நிறம் நரைத்தாலும் தெரியாது என்றார்.

அந்தக் கடையில் முதலாளியைத் தவிர யாரும் உட்காருவதில்லை. கதவு திறந்திருக்கும்போது வேலையாள் உட்கார்ந்தால் கடையின் பரக்கத், அதன் செழிப்பு, எழுந்து போய்விடும் என்பது முதலாளியின் வாப்பா வைத்த சட்டம். மீசை அரும்பிய வயதில் துணி விரிக்கும் மேசைக்குப் பின்னால் ஏறிய றவூப், கல்யாணப் பேச்சு வந்தபோதும் அங்கே நின்றபடிதான் தலையாட்டினாராம். ஊரில் கல்யாணத் துணி எடுப்பவர்கள் கடையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அண்ணன் என்ற உரிமையில் "றவூப் நானாட்ட போவோம்" என்பார்கள். அவருக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

இடது காலில் முதலில் சிலந்தி வலைபோல நீல இழைகள் ஓடின. சில வருடங்களில் அவை தடித்து, கெண்டைக்காலில் கயிறாய்ச் சுருண்டன. சாரத்துக்குக் கீழே அது தெரிந்த ஒரு நாள், கூட வேலை செய்த அஸீம் சொன்னான்:

"மகாவலி கங்கைட கிளையெல்லாம் நானாட காலிலதான் ஈக்கி. தோணி விட்டா கம்பளைக்கே போகலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். றவூபும் சிரித்தார். அதன் பிறகு சாரத்தை இறக்கிக் கட்டினார். பின்னேரத்தில் பாதம் வீங்கியது. போகப்போக அதில் உணர்வும் குறைந்தது. வேறு யாருடைய காலையோ தூக்கிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது என்று மனைவி ரபீகாவிடம் ஒரு தடவை சொன்னார். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரிகாரி காலில் அட்டை கடிக்க விட்டார். நரம்பு சில நாள் வற்றியது, பிறகு பழையபடி புடைத்தது. கடைசியில் ரபீகாவே அவரைக் கண்டியில் தியாகராஜா டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

டொக்டர் தீவின் வடக்கிலிருந்து வந்தவர், நிதானமாக விளங்கப்படுத்துபவர். தொடையில் கத்தி வைத்து நரம்பைக் கட்டிவிடலாம்; அதற்கு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் காலம் முழுக்க இழுபடும் துணி சுற்றிக்கொண்டும் திரியலாம். புதிதாக வந்திருப்பது ஊசி. நரம்புக்குள்ளேயே மருந்தைக் குத்தினால் அது இறுகி அடைபட்டுப்போகும். ஊசி போட்டபின் கட்டுடன் நடமாடத்தான் வேண்டும், படுக்கக் கூடாது.

றவூப் ஊசி என்றார். படுத்தால் மேசைக்குப் பின்னால் வேறொருவன் ஏறுவான். ஏறியவனை இறக்க முதலாளிக்கு மனம் வராது. யோசிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நோகும் என்று சொல்லித்தான் டொக்டர் குத்தினார். நோகவில்லை. கால்விரலிலிருந்து முழங்கால்வரை துணியை இழுத்துச் சுற்றி, தான் அவிழ்க்கும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது என்றார். றவூப் தலையாட்டினார்.

ஆனால் தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது கால் கழுவ வேண்டும். கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதுமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கச் சொன்னாள் ரபீகா. கேட்கிறேன் என்றார். கேட்கவில்லை. லெப்பையிடம் போன பேச்சு வாசல் தாண்டும். தாண்டினால் முதலாளியின் காதுக்கு வரும். ஆகவே கடைக்குப் பின்னால் பைப்படியில், ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவினார். துடைத்துவிட்டுத் திரும்ப அவரே சுற்றினார்.

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்ட றவூபைத்தான் கூப்பிடுவார்கள். தலைப்பாவில் முதற்சுற்று இறுக்கம், மற்றச் சுற்றுகள் அதைப் பிடித்துக்கொண்டு தளர்ந்து வரும். காலிலும் அப்படியே கட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு இறுக்கு, பிறகு தளரத் தளரக் கீழ்நோக்கி. ஒரு சுருக்கம் விழாது. அதற்குக் கீழே பாதம் கறுத்தது, கணுக்காலுக்கு மேலே தோல் வெடித்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழ்த்தட்டு வெள்ளைத் துணியில் ஈரக்கறை கண்டு அஸீம்தான் சொன்னான். அன்று அவன் சிரிக்கவில்லை.

டொக்டர் கட்டைப் பார்த்தார், உடனே அவிழ்க்கவில்லை.

"இதை ஆர் சுத்தினது?"

"நான்தான், டொக்டர் ஐயா."

"எங்கயிருந்து துடங்கினீர்?"

"முழங்காலுக்குக் கீழயிருந்து."

இரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும், அதற்காகத்தான் விரலிலிருந்து சுற்றினேன், நீர் மேல் வாசலைப் பூட்டிவிட்டீர் என்றார் டொக்டர். குரலை உயர்த்தவில்லை. ஏன் அவிழ்த்தீர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தொழவும் வழி சொல்லியிருப்பார்கள், காலும் தப்பியிருக்கும் என்றார்.

"நிக்க ஏலுமா?" என்று கேட்டார் றவூப்.

"நிக்கலாம். நிண்டால் புண் ஆறாது."

மறுநாள் றவூப் முதலாளியிடம் போய், மேசைக்குப் பின்னால் உட்கார ஒரு கதிரை போட்டுத் தரும்படி கேட்டார். கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். முதலாளி கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"உனக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, றவூப். வாப்பா வெச்சத நான் எப்படி மாத்துற? நீ ஊட்டுல ஈந்து கால சொகமாக்கு."

றவூப் சரி என்றார். மேசையில் விரிந்து கிடந்த துணியை மடித்து வைத்தார். பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். அழுதாரா என்று கேட்டதற்கு, இல்லை, சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்றாள் ரபீகா.

இப்போது றவூப் அலவத்துகொடையில், வீட்டு முன்னறைக் கட்டிலில், காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி இருக்கிறார். புண் சுருங்கும், பிறகு திறக்கும். டொக்டர் கொடுத்த மருந்துப் பசை தடவிய கட்டை ரபீகா விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுகிறாள். அவள் தொப்பி தைத்து விற்கிறாள். துணி வெட்டிக் கொடுப்பது அவர். நோகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். கடையில் அவருடைய இடத்தில் அஸீம் நிற்கிறான்.