அஞ்சலையின் ஃபோல்டர்

அஞ்சலையின் வேலையைப் பறித்தவன் நான்தான். அவள் எதையும் அழிக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்த புதிது. திண்டிவனத்தில் ஒரு டைப்பிங் அலுவலகம். எட்டுக் கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அவற்றை மேய்த்தவன் நான். எட்டையும் சர்வரோடு ‘டொமைன்’ என்கிற ஒரே வலையில் இணைத்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஒவ்வொருவர் கணக்கிலும் ‘புரொஃபைல் பாத்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் சர்வரிலுள்ள ஒரு ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும்... எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் உங்கள் ஃபைல்கள், திரையில் நீங்கள் வைத்த படம், வைத்தது வைத்த இடத்தில் வந்து நிற்கும்! அங்கே டைப் அடித்த அஞ்சலை நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து பார்த்தாள்.

“எங்க போனாலும் பின்னாலயே வருதுண்ணா,” என்று சிரித்தாள்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து அலுவலக வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்.

பிறகு ரேவதி என்றொரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும். எனக்கோ அவசரம். அஞ்சலையின் கணக்கை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். அந்தப் ‘பாத்’ கட்டத்திலிருந்த பாதையை மாற்றவில்லை. இருவருக்கும் ஒரே ஃபோல்டர்!

ரேவதி தன் திரையில் யாருடைய ஃபைல்களோ கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். பழைய ஆளுடையது போலும் என்று எல்லாவற்றையும் அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு, அஞ்சலைக்குப் பிறகு கிளம்பியிருக்கிறாள். கடைசியாக வெளியேறுகிறவர் விட்டுப்போவதுதான் சர்வரில் தங்கும். மறுநாள் காலை, அஞ்சலை இரண்டு மாதமாக டைப் அடித்த ஒரு பேராசிரியரின் ஆய்வேட்டைக் காணவில்லை. அன்றுதான் கொடுக்க வேண்டிய நாள். வேறு பிரதியும் இல்லை. எடுத்து வைத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

“நான் ஒண்ணும் பண்ணலண்ணா. நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சு.”

சர்வர் முன் உட்கார்ந்தேன். பத்தே நிமிடம்... கண்டுபிடித்துவிட்டேன்! அந்தப் பரவசத்தை எப்படிச் சொல்வேன்? எனக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கோ சிரிப்பு வரப் பார்த்தது. நானெல்லாம் ஒரு மனிதனா?

ரேவதி கணக்கின் பாதையைச் சத்தமில்லாமல் திருத்தினேன். முதலாளி வந்து நின்றார்.

“ஏன்யா, கம்ப்யூட்டரு தானா அழிச்சிக்கினு பூடுமா?”

“தானா அழியாது சார்,” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பாருங்கள். அந்த உண்மையை வைத்துத்தான் அவளை வெளியே அனுப்பினேன். மதியத்துக்குள் அவள் போய்விட்டாள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே.

பல வருடங்கள் கழித்து, மயிலம் போகிற பஸ்ஸில் அவளே என்னைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் பத்தாவது முடித்த மகள்.

“கம்ப்யூட்டர் குரூப்புதான் வேணும்னு அடம் புடிச்சிக்கினு இருக்காண்ணா. நாந்தான் கூடாதுன்னுட்டேன். என் கையாலயே அழிச்சிட்டு, அதுகூடத் தெரியாம முழிச்சிக்கினு நின்னேனே... அந்தப் பேஜாரு இவளுக்கு எதுக்கு?”

“நல்ல படிப்பும்மா, படிக்கட்டும்,” என்றேன்.

“நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடிண்ணா? அன்னிக்கு நீங்கதான பார்த்தீங்க?”

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் அவள் படிப்பு இருந்தது. வாய்வரை வந்தது... சத்தியமாக வந்தது! அதற்குள் பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றது.

“வர்றேம்மா,” என்று இறங்கிவிட்டேன்.

அது நான் இறங்க வேண்டிய இடமே இல்லை.