மண்டபத்துச் சுவரில் ஒரு நாற்காலி

இராஜபாளையத்தில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் மெஷின் பார்ப்பது என் வேலை. ஷேட் கார்டில் நீங்கள் விரல் வைத்துக் காட்டும் எண்ணை அடித்தால், மெஷின் வெள்ளை டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை இறக்கும். மூடியைத் தட்டி மூடி, குலுக்கிக் கொடுத்துவிடுவேன். எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாலோ, வாங்கினவர் வீட்டுக்குப் போய் மனசு மாறித் திருப்பிக் கொண்டுவந்தாலோ, அந்த டப்பா கடையின் பின்பக்கம் போய்விடும். யாருக்கும் வேண்டாத நிறங்கள் அங்கே கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். ஒரு நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி கடைக்கு நடக்கும்போது, ஒரு சந்துக்குள் சுவரில் இரண்டு கைகளைப் பார்த்தேன். ஆள் உயரக் கைகள். அறுந்த நூலை விரல்களுக்கு நடுவில் பிடித்து முடிச்சுப் போடுகிற மாதிரி வரைந்திருந்தது. கைகள் நீலமும் இல்லாத ஊதாவும் இல்லாத ஒரு நிறம். அந்த நிறத்தை எனக்குத் தெரியும். கார்டில் இல்லாத நிறமாகப் பூஜை அறைக்கென்று ஒருவர் கேட்டு, ரொம்ப இருட்டாக இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்த டப்பா. நான் கலந்தது. அதே மாதிரி இன்னொரு டப்பா எங்கேயும் இருக்க வழியில்லை. அன்றைக்கு நான் கடைக்குப் போகக் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது.

அந்த டப்பாவை யார் வாங்கினார்கள் என்பதும் நினைவிருந்தது. சுடிதாருக்கு மேல் மில் கோட்டு போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை வந்து, பின்பக்கத்து டப்பாக்களில் எது மலிவு என்று கேட்டு வாங்கிப் போவாள். வீட்டுக்கென்று சொல்வாள். இத்தனை நிறத்தில் எப்படிப்பட்ட வீடு என்று நான் கேட்டதில்லை.

அடுத்த தடவை அவள் வந்தபோது, சந்துக்குள் இருக்கும் கை நீ போட்டதா என்று கேட்டேன். எடுத்த டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்க்கத் திரும்பினாள். நான் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். புகார் சொல்லக் கேட்கவில்லை, நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் கேட்டேன் என்று நான் விளக்கிய பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

நூல் மில்லில் வேலை. அறுந்த நூலை இணைப்பதுதான் நாள் முழுக்க. படம் போடப் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வார விடுமுறையில், தெரு எழும்புவதற்குள் போட்டுவிட்டு வந்துவிடுவாள். யாரிடமும் கேட்பதில்லை. "கேட்டா யாருக்கா குடுப்பா?" என்றாள்.

இரண்டு வாரத்தில் அந்தக் கைகளைக் காணோம். சுவருக்குச் சொந்தக்காரர் மேலே கிரீம் கலர் அடித்துவிட்டார். அவர் எங்கள் கடைக்குத்தான் வந்திருந்தார். அந்தக் கிரீம் டப்பாவையும் எதற்கென்று தெரியாமல் நான்தான் கலந்து கொடுத்திருந்தேன். இது தெரிந்ததும் அவளைவிட எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அவள் பழகிப்போனவள் மாதிரி தோளைக் குலுக்கினாள். அடுத்த படத்தைப் பகலில், கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்கும்படி போடுவோம் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் காம்பவுண்டுச் சுவர் தெருவின் பாதி நீளம் போகும். ஆண்கள் ஒதுங்குகிற இடம் அது; அந்தச் சுவரோரம் நடக்க வேண்டுமென்றால் மூக்கைப் பிடிக்க வேண்டும். கல்யாண வீட்டார் வாசலில் நின்று பன்னீர் தெளித்தாலும் அந்த நாற்றம் ஜெயித்துவிடும். நான் மண்டபத்து முதலாளியைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார் என்று பெயர். அவர் சுவரில் படம் போட ஒரு பெண் இருக்கிறாள், தெருவே கூடி ஒரு நாள் விழா மாதிரி செய்யலாம், படம் வந்தால் நாற்றமும் நிற்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் எழுந்து வெளியே வந்து சுவரைப் பார்த்தார். பிறகு, "இந்தச் சுவத்துல எழுதுனவன் எவனும் எங்கிட்டக் கேட்டதில்ல. நீதாம்மா மொத ஆளு" என்றார். சாமி வேண்டாம், தலைவர் வேண்டாம், கட்சி வேண்டாம். மற்றபடி எங்கள் இஷ்டம். தனக்குப் பிடிக்கவில்லை என்றால் நானே வெள்ளையடித்துத் தர வேண்டும் என்றார். நான் சரியென்று வந்துவிட்டேன்.

என்ன வரைவது என்று பேச, மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தெருக்காரர்கள் கூடினோம். மலை, செண்பகத்தோப்புக் காட்டு அணில், தேர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மில்காரப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, இந்தச் சுவரோடு அதிகம் பழகினவர் யார் என்று கேட்டாள். தினமும் காலையில் பிளீச்சிங் பவுடர் போட்டு அந்த ஓரத்தைச் சுத்தம் செய்கிற நகராட்சித் தூய்மைப் பணியாளர் அக்காதான் என்று நான் சொன்னேன். கல்யாண நாட்களில் எச்சில் இலை எடுக்கவும் பின்வாசல் வழியாக வருகிறவர் அவர். அப்படியானால் அவரையே போடுகிறேன் என்றாள் மில்காரப் பெண்.

தெருச் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற அதிகாரி, எழுந்து நின்றார். "கல்யாணத்துக்கு வாரவிய மொதல்ல பாக்குறது இதுவா இருக்கணுமா?" என்று கேட்டார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

பேசியது எங்கள் தெருத் தையல்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், மற்றபடி மெஷினை விட்டு எழும்பாதவள். "தெனம் காலைல கதவத் தொறந்தா நாம மொதல்ல பாக்குறது அவியளத்தான் சார்" என்றாள். செயலாளர் உட்கார்ந்துவிட்டார்; அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் அந்த அக்காவைப் போய்க் கேட்டோம். அவர் முதலில் சிரித்தார். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தார். "வெளக்கமாறோட போடக் கூடாது" என்றார். பிறகு எப்படிப் போடுவது என்று மில்காரப் பெண் கேட்டாள்.

"நாக்காலில உக்காந்த மாதிரி போடு தாயி."

மண்டபத்து முதலாளியிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். அவர் எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். ஆளை விட்டு, மேடையில் மணப்பெண் உட்காருகிற நாற்காலியை, சிவப்பு வெல்வெட்டும் பொன்னிறக் கைப்பிடியும் வைத்ததை, முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்தார். வரைவதற்குப் போட்டோ எடுக்க வேண்டுமே என்றார். அக்காவை முன்வாசல் வழியாக அழைத்துவந்தோம். நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டுமானாலும் போடலாம் என்று மில்காரப் பெண் சொன்னதற்கு, "குஷன் வச்சதே இருக்கட்டும்" என்றார். உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, டீ கொண்டுவரச் சொன்னார், கண்ணாடி டம்ளரில்.

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்களுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர் ஒருவரைப் பிடித்தேன். சின்னப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவதில் அவர் கெட்டிக்காரர். ஏறி நிற்கிற சாரமும் அவருடையதே. இதுவரை ஒரு மனுஷ முகத்தை எழுதச் சொல்லி யாரும் தன்னைக் கேட்டதில்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். ஆட்டோவில் மைக் கட்டி, இன்ன தேதியில் இன்ன தெருவில் சுவர் ஓவியத் திருவிழா, வரைபவர் இன்னார் என்று அவள் பெயரையும் சேர்த்து ஊருக்குள் சொல்ல வைத்தேன். தன் பெயர் மைக்கில் போவதைக் கேட்டு அவள் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

சனிக்கிழமை சுவரைச் சுரண்டி, கழுவி, வெள்ளை பிரைமர் அடித்துவிட்டு வந்தோம். ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால், சுவர் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கட்சியின் பெயரைப் பெரிதாக எழுதி, தேர்தல் முடியும்வரை இந்தச் சுவர் தங்களுக்கு என்று போட்டிருந்தது. முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் நேராக அந்தக் கட்சியின் வார்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "வெள்ளையா இருந்துச்சுக்கா. வெள்ளையா ஒரு சுவத்தப் பாத்தா நம்ம பயலுவளுக்குக் கை நிக்காது" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு, எழுதின இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அவர்கள் எழுதினதை அவர்களே பிரைமர் அடித்து மறைத்தார்கள். வெயில் நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் அப்புறம் போகவில்லை. சாரத்தைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றார்கள்.

பத்து மணிக்குத் தெருவில் நடக்க இடமில்லை. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஸ்பிரே டப்பாவோடு வந்தார்கள். சுவரின் அந்தக் கோடியை அவர்களுக்குக் கொடுத்தோம். நாற்காலிக்குப் பின்னால் பூ வேலை செய்த மேடைத் துணி மாதிரி ஒன்றை அவர்கள் போட்டார்கள். மில்காரப் பெண் சாரத்தின் மேலேயே இருந்தாள். தையல்காரி மோர் கொடுத்து அனுப்பினால் ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டு, மறுகையால் வேலையைத் தொடர்ந்தாள். கண்ணை வரைய ஆரம்பித்தபோது கீழே பேச்சு தானாக நின்றுவிட்டது. அம்புட்டுக் கூட்டத்திலும் தூரிகை சுவரில் தேய்கிற சத்தம் கேட்டது.

நான்கு மணிக்கு அந்த அக்கா வந்தார். கூடவே அவர் தெருவே வந்திருந்தது. சுவருக்கு எதிரே வந்து நின்று, தலையை நிமிர்த்தி, தன்னைப் பார்த்தார். பத்தடி உயரத்தில் சிவப்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையில் டம்ளரோடு, வருகிறவர்களையெல்லாம் நீ யார் என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் அழவில்லை. மூக்குத்தியை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று போடச் சொன்னார். மில்காரப் பெண் ஏறிப்போய் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். தெரு மொத்தமும் கைதட்டியது. கீழே இறங்குவதற்கு முன், சுவரின் ஓரத்தில் அவள் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

சங்கச் செயலாளர் வீட்டுக் கதவு நாள் முழுக்கச் சாத்தியிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு வந்தார். செத்த நேரம் நின்று பார்த்தார். வலது கால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்றார். அது சரிதான், பெரிதாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மண்டபத்து முதலாளி என்னிடம் வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பொண்ணு மாப்பிள்ளையை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்த ஓரத்தில் இப்போது யாரும் ஒதுங்குவதில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் எவனுக்குத் துணிச்சல் வரும்?

போட்டோக்கள் போனில் சுற்றி, மில் மேனேஜரிடம் போயிருக்கின்றன. ஒரு நாள் ஷிப்டின் நடுவில் அவளைக் கூப்பிட்டு, ரோட்டைப் பார்த்த மில் சுவர் முழுவதையும் தந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். அவள் பயப்படவில்லை. தான் ஒருத்தி மட்டும் வரைய மாட்டேன், தன்னை மாதிரி ஒளிந்து ஒளிந்து வரைகிற ஆட்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள், எல்லாரையும் கூப்பிட வேண்டும், எல்லார் பெயரும் சுவரில் இருக்க வேண்டும் என்றிருக்கிறாள். அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த விழாவில் வரைய ஒன்பது பேர் வந்தார்கள். பஸ் பெயிண்டர் வந்தார். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறவர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், சந்துச் சுவர்களில் வெறும் எழுத்துகளை மட்டும் வளைத்து வளைத்து எழுதுகிற ஒருவர் என்று நான் முன்பின் பார்த்திராதவர்களும் வந்தார்கள். இதில் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கம் கபடிப் போட்டிக்கு வர்ணனை சொல்கிற ஒருவரைக் கூட்டிவந்து கையில் மைக்கைக் கொடுத்தேன். ஆட்டக்காரர்களைக் களத்துக்குக் கூப்பிடுகிற மாதிரியே, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் இழுத்து இழுத்துச் சொன்னார். ஒவ்வொருவராகக் கூட்டத்துக்கு நடுவே நடந்துபோய்த் தன் பங்குச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். ரோட்டில் போன பைக்குகள் நின்றன. டவுன் பஸ் ஒன்று ஓரம் கட்டியது. ஜன்னல் வழியாகத் தலைகள் நீண்டன.

அவள் பெயரைக் கடைசியாகச் சொன்னார். அப்போதுதான் காலை ஷிப்டு விட்டிருந்தது. மில் வாசலிலிருந்து கோட்டோடு வெளியே வந்த பெண்கள் விசிலடித்தார்கள். எம்புட்டோ கபடி பார்த்த வர்ணனைக்காரரே அந்தச் சத்தத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் இந்தத் தடவை எங்கேயும் ஒளியவில்லை. சாரத்தின் உச்சிக்கு ஏறி, கூட்டத்தைப் பார்த்துத் தூரிகையை உயர்த்திக் காட்டினாள்.